பழைய லிக்விட் கூலர் புதுக் கம்ப்யூட்டருக்கு ஆகுமா?

அறிவியல் பகுதி



கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் ஓடுகிறது என்று சொன்னால் நம் வகுப்பில் பாதிப் பேர் சிரிப்பார்கள். "கரண்டும் தண்ணியும் ஒண்ணா இருக்கலாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உண்மையிலேயே ஓடுகிறது. அதற்குப் பெயர் லிக்விட் கூலர். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரைச் சூடாகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை.

கம்ப்யூட்டர் பழசானதும் புதுசு வாங்குகிறவர்கள், "கூலர் நல்லாத்தானே இருக்கு, அதையே எடுத்துப் புதுசுல மாட்டிக்கலாம்" என்று நினைப்பார்கள். மாட்டலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. கூலரைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். வாங்க, பார்ப்போம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

பிராசஸர் என்பது தீப்பெட்டியை விடச் சின்னது. அதற்குள் போகிற மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். உதாரணத்துக்கு இன்டெல் ஐ5 12400 என்ற பிராசஸர் சாதாரணமாக 65 வாட், முழு மூச்சாக வேலை செய்யும்போது 117 வாட் வரை எடுக்கும். அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பை எரிய விட்டுத் தொட்டால் கை என்ன ஆகும்? அவ்வளவு சூடும் ஒரு பிஸ்கட்டை விடச் சின்ன இடத்தில் சேருகிறது. அதை உடனே அப்புறப்படுத்தாவிட்டால், 100 டிகிரி வந்ததும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடும்.

தண்ணீர் என்ன செய்கிறது?

இங்கேதான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "தண்ணீர் ஜில்லுன்னு இருக்கும், அதனால குளிர வைக்குது" என்பார்கள். இல்லீங்க. தண்ணீர் சூட்டைச் சுமந்துகொண்டு போகிறது, அவ்ளோதான். கூரியர்காரர் மாதிரி. ஒரு இடத்தில் வாங்கி இன்னொரு இடத்தில் கொடுக்கும்.

சுமக்கிற சக்தி தண்ணீருக்கு ரொம்ப அதிகம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4,200 ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு 1.2 ஜூல் போதும். கிட்டத்தட்ட 3,500 மடங்கு வித்தியாசம்! அதனால்தான் லாரி, கார், டிராக்டர் எல்லாவற்றிலும் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில், 1984 முதல், டர்பைனில் இருந்து வரும் நீராவியைத் திரும்பத் தண்ணீராக்க கடல் தண்ணீரைப் பயன்படுத்துகிறார்களே, அதுவும் இதே தத்துவம்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கூலருக்குள் 200 கிராம் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு டிகிரி சூடாக்க 840 ஜூல் போதும். பிராசஸர் வினாடிக்கு 117 ஜூல் தருகிறது. அப்படியென்றால் சுமார் 7 வினாடிக்கு ஒரு டிகிரி ஏறும். மின்விசிறி நின்று, சூடு வெளியே போகவே வழியில்லை என்றால், 33 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தொட எட்டு நிமிடம்தான் ஆகும். தண்ணீர் இருப்பதால் மட்டும் பயனில்லை, அது ஓட வேண்டும், ஓடிப்போய்ச் சூட்டைக் காற்றில் விட வேண்டும் என்று இந்தக் கணக்கு காட்டுகிறது.

பானையும் கூலரும் ஒன்றல்ல

வீட்டு மண்பானையில் வைத்த தண்ணீர் வெளிக்காற்றை விட ஜில்லென்று இருக்கும். ஏன்னா, பானையின் நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கம்ப்யூட்டர் கூலர் அப்படி இல்லை. அது மூடிய குழாய். ஆவியாக வழியில்லை. அதனால் அறையின் வெப்பத்தை விடக் கீழே அது ஒருநாளும் போகாது.

சரியான ஒரு கூலர் பிராசஸரை அறை வெப்பத்தை விட 45 டிகிரி அதிகத்தில் நிறுத்துகிறது என்று வைப்போம். குளிர் தேசத்தில் அறை 20 டிகிரி, அப்போது பிராசஸர் 65 டிகிரி. சென்னையில் மே மாதம் அறை 35 டிகிரி, அப்போது பிராசஸர் 80 டிகிரி. அதே கூலர், அதே பிராசஸர். வெளிநாட்டில் சோதித்துப் பார்த்து "நல்லா வேலை செய்யுது" என்று எழுதினால், நாம் அதோடு 15 டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும்.

கூலரின் பாகங்கள்

1. செம்புத் தகடு. இது பிராசஸர் மேல் உட்காரும். உள்பக்கத்தில் முடி போன்ற மெல்லிய வாய்க்கால்கள் இருக்கும். செம்பு அலுமினியத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும்.

2. பம்ப். பெரும்பாலும் செம்புத் தகட்டின் தலைமேலேயே இருக்கும். தண்ணீரைத் தள்ளும்.

3. இரண்டு ரப்பர் குழாய். ஒன்று போக, ஒன்று வர.

4. ரேடியேட்டர். பெரும்பாலும் அலுமினியம். அப்பளம் மாதிரி மெல்லிய மடிப்புகள் இருக்கும். 120, 240, 360 மி.மீ. என்ற அளவுகளில் வரும்.

5. மின்விசிறி. ரேடியேட்டர் மேல் காற்று அடிக்கும்.

6. உள்ளே இருக்கும் திரவம். வெறும் தண்ணீர் இல்லை. பல கூலர்களில் கிளைக்கால் என்ற பொருளும் அரிப்பைத் தடுக்கும் மருந்தும் கலந்திருக்கும்.

எது தேயும், எது தேயாது?

செம்புத் தகடு தேயாது. சரியாகப் பார்த்துக்கொண்டால் ரேடியேட்டரும் பல வருஷம் வரும். பம்ப் தேயும், ஏன்னா கம்ப்யூட்டர் ஓடுகிற நேரமெல்லாம் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அதன் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாய்த் தப்பிக்கும். ஒரு சொட்டுக்கூட வெளியே கசிந்த அடையாளம் இருக்காது. ஆனால் ஐந்தாறு வருஷத்தில் உள்ளே அளவு குறைந்து, அந்த இடத்தில் காற்று வந்துவிடும்.

இன்னொரு விஷயமும் நடக்கிறது. தகடு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒரே திரவத்தில் நனைந்திருந்தால் ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடும். எலுமிச்சம்பழத்தில் செம்புக் கம்பியும் ஆணியும் குத்தி மின்சாரம் எடுக்கும் சோதனையை நினைத்துப் பாருங்கள். இதில் அரிக்கப்படுவது அலுமினியம். மருந்து இருக்கும்வரை அரிப்பு அடங்கியிருக்கும். மருந்தின் வீரியம் குறைந்ததும் கசடு உண்டாகி, அந்த முடி போன்ற வாய்க்கால்களில் போய் அடைத்துக்கொள்ளும்.

அதனால்தான் பல கம்பெனிகள் இந்தக் கூலர்களுக்கு 5 அல்லது 6 வருஷம் மட்டும் உத்தரவாதம் தருகின்றன. புதுசிலும் கோளாறு வரலாம். 2022-இல் ஆர்க்டிக் என்ற ஐரோப்பியக் கம்பெனி, தன் லிக்விட் ஃப்ரீசர் 2 கூலர்களில் சிலவற்றில் ரப்பர் வளையம் சரியில்லை என்று தானே அறிவித்து, சரிசெய்யும் கிட்டை இலவசமாகக் கொடுத்தது.

பெசன்ட் நகர் காற்று

பெசன்ட் நகரில் என் பெரியம்மா வீடு இருக்கிறது. எலியட்ஸ் கடற்கரைக்கு நடந்தே போகலாம். பெரியம்மா மகள், எங்கள் அக்கா, கல்லூரியில் வீடியோ எடிட்டிங் படிக்கிறாள். அவளுக்குப் புதுக் கம்ப்யூட்டர் சேர்க்கும்போதுதான் இந்தக் கேள்வி வந்தது. 2019-இல் வாங்கிய 240 மி.மீ. கூலர் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. அதையே போட்டால் சில ஆயிரம் ரூபாய் மிச்சம். அந்தப் பணத்தில் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, செய்த வேலையை எல்லாம் பிரதி எடுத்து வைக்கலாம் என்பது அக்கா கணக்கு. ஆனால் கூலர் பாதியில் ஒழுகினால் கீழே இருக்கும் கிராபிக்ஸ் கார்டும் போய்விடும், பரீட்சைக்குக் கொடுக்க வேண்டிய வேலையும் நின்றுவிடும்.

அங்கே கடற்கரைப் பக்கம் இருக்கிற வீடுகளில் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பெயிண்ட் அடித்து இரண்டு வருஷம் ஆவதற்குள் துரு பூத்திருக்கும். ஏ.சி.யின் வெளிப்பெட்டியில் அலுமினிய மடிப்புகள் வெள்ளைப் பொடியாய் உதிர்ந்திருக்கும். காரணம் உப்பு. அலை உடையும்போது கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகள் காற்றில் ஏறி வருகின்றன. உப்பு சும்மா இருக்காது, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசவென்று ஆவது இதனால்தான். அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு பாதுகாப்புப் படலம் உண்டு. உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாக ஓட்டை போட்டுவிடும்.

கூலரின் மின்விசிறி நாள் முழுக்க அந்தக் காற்றைத்தான் ரேடியேட்டர் வழியாக இழுக்கிறது. தூசியும் உப்பும் சேர்ந்து மடிப்புகளுக்கு நடுவே ஈரமான பஞ்சு மாதிரி படியும். ஆக, ஓசூரில் ஆறு வருஷம் ஓடிய கூலரும் பெசன்ட் நகரில் ஆறு வருஷம் ஓடிய கூலரும் ஒரே வயசு இல்லை.

மூன்று மில்லிமீட்டர் சங்கதி

கூலர் நன்றாக இருந்தாலும் புது போர்டில் உட்காருமா என்று பார்க்க வேண்டும். போர்டில் பிராசஸரைச் சுற்றி நாலு துளை இருக்கும். இன்டெல்லின் வீட்டு உபயோக வரிசையில், 2009-இல் வந்த எல்.ஜி.ஏ. 1156 முதல் 2020-இல் வந்த எல்.ஜி.ஏ. 1200 வரை துளைக்குத் துளை 75 மி.மீ. 2021-இல் வந்த எல்.ஜி.ஏ. 1700-இல் அது 78 மி.மீ. ஆகிவிட்டது. 2024-இல் வந்த எல்.ஜி.ஏ. 1851-க்கும் அதே 78 தான். வெறும் 3 மி.மீ.! ஆனால் பழைய கிளாம்பு உட்காராது. பிராசஸரின் உயரமும் கொஞ்சம் குறைந்துவிட்டதால், இழுத்து வளைத்து மாட்டினாலும் அழுத்தம் சரியாகக் கிடைக்காது. நடுவில் இடைவெளி விழுந்தால் சூடு ஏறும்.

ஏ.எம்.டி. பிராசஸரில் கதை வேற. 2022-இல் வந்த ஏ.எம்.5, முந்தைய ஏ.எம்.4-இன் துளை அளவையே வைத்துக்கொண்டது. ஆனால் பின்பக்கத் தகடு போர்டோடு சேர்ந்தே வருகிறது. தன் சொந்தத் தகட்டைப் போட்டு மாட்டும் கூலராக இருந்தால் அதில் பொருந்தாது.

சில கம்பெனிகள் புது கிளாம்பு மட்டும் தனியாகத் தரும். கேட்டுப் பார்க்க வேண்டும். சென்னையில் அண்ணா சாலை பக்கத்தில் இருக்கும் ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். போகும்போது கூலரின் மாடல் பெயரையும் போர்டின் சாக்கெட் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகவும். "இது எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்று சொன்னால் வாங்கிவிடாதீர்கள். ஸ்கேல் வைத்து அளந்து பார்த்த பிறகு வாங்குங்கள்.

ஆறு சோதனைகள்

கழற்றுவதற்கு முன்னால் பழைய கம்ப்யூட்டரிலேயே சோதிப்பது நல்லது. கையை உள்ளே விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

1. கண்ணால் பார்: குழாய் சேரும் இடங்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்கு இருந்தால் அங்கே கசிந்திருக்கிறது. அந்தக் கூலர் வேண்டவே வேண்டாம்.

2. காதால் கேள்: கழற்றிய பின் மெதுவாகச் சாய்த்தால் களக் களக் என்று நிறையச் சத்தம் கேட்கிறதா? காற்று அதிகம் சேர்ந்திருக்கிறது.

3. விரலால் தொடு: கம்ப்யூட்டருக்குக் கடினமான வேலை கொடுத்துவிட்டு இரண்டு குழாயையும் ரேடியேட்டரையும் வெளியிலிருந்து தொட வேண்டும். எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தால் தண்ணீர் ஓடுகிறது. பிராசஸர் கொதிக்க, ரேடியேட்டர் மட்டும் ஜில்லென்று இருந்தால் தண்ணீர் ஓடவில்லை. நினைவில் வையுங்கள், ரேடியேட்டர் ஜில்லென்று இருப்பது கெட்ட செய்தி!

4. எண்ணைப் பார்: பயாஸ் திரையில் பம்ப் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று தெரியும். எண் நிலையாக இருக்க வேண்டும். ஏறி இறங்கித் தள்ளாடினால் பம்ப் களைத்துவிட்டது.

5. அரை மணி நேரம் ஓட்டு: முழு வேலை கொடுத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தைக் குறித்து வரைபடம் போடுங்கள். ஏறி ஓரிடத்தில் நிலைத்தால் பாஸ். ஏறிக்கொண்டே போனால் ஃபெயில்.

6. சுத்தம் செய்து திரும்பப் பார்: மென்மையான பிரஷால் ரேடியேட்டர் தூசியைத் தட்டுங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புது பேஸ்ட் வையுங்கள். பல சமயம் கூலர் மேல் குற்றமே இருக்காது, காய்ந்துபோன பேஸ்ட்தான் காரணம்.

ஆறிலும் தேறினால் தைரியமாக மாட்டலாம். மாட்டும்போது ரேடியேட்டரின் மேல்பாகம் பம்பை விட உயரத்தில் இருக்கட்டும். காற்றுக் குமிழ் மேலே போய்த் தங்கும், பம்புக்குள் வராது.

அக்காவின் கூலர் என்ன ஆனது?

முதல் சோதனையில் பாஸ். பொருக்கு எதுவும் இல்லை. மூன்றாவது சோதனையில் ஒரு குழாய் சூடாகவும் இன்னொன்று பச்சைத் தண்ணீர் மாதிரியும் இருந்தது. ரேடியேட்டரில் பாதி ஜில். பேஸ்ட் மாற்றி, தூசி எடுத்து மறுபடி ஓட்டினோம். வரைபடம் நிலைக்கவே இல்லை, ஏறிக்கொண்டே போனது. அணைத்துக் கழற்றிச் சாய்த்தபோது களக் களக்.

பெரியப்பா, "திறந்து தண்ணி ஊத்திடலாமே" என்றார். ஆனால் அது தொழிற்சாலையில் மூடி ஒட்டிய கூலர். திறந்தால் பழையபடி மூடுவது கஷ்டம். உள்ளே எத்திலீன் கிளைக்கால் இருந்தால் அது விஷம், அதிலும் இனிப்பாக இருக்கும் விஷம். குழந்தையோ நாயோ நக்கிவிடலாம். அதனால் திறக்கவில்லை.

அக்கா வாங்கிய புதுப் பிராசஸர் மேலே சொன்ன ஐ5 12400 தான். அதன் பெட்டியிலேயே ஒரு காற்று கூலர் வந்தது. அதை மாட்டினாள். அதில் பம்ப் இல்லை, தண்ணீர் இல்லை, ஒழுகுமோ என்ற பயமும் இல்லை. மின்விசிறி ஒருநாள் நின்றால் விசிறியை மட்டும் மாற்றினால் போதும்.

அப்படியானால் பழைய கூலர் வீணா? இல்லை. அதில் இருந்த இரண்டு 120 மி.மீ. மின்விசிறியும் சத்தமில்லாமல் சுற்றின. ஒன்றைக் கம்ப்யூட்டர் பெட்டியின் முன்னால் காற்றை உள்ளே இழுக்கவும், ஒன்றைப் பின்னால் வெளியே தள்ளவும் மாட்டினோம். மின்விசிறி வாங்கும் செலவும் மிச்சம், புதுக் கூலர் வாங்கும் செலவும் மிச்சம். அக்கா நினைத்த ஹார்ட் டிஸ்க்கும் வந்துவிட்டது.

பம்பும் ரேடியேட்டரும் சேர்ந்த மீதிப் பகுதி மின்கழிவு. அதைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். அதில் உள்ள செம்பும் அலுமினியமும் உருகி வேறு பொருளாகத் திரும்பி வரும்.

மறுபடி பயன்படுத்துவது என்றால் பழசை அப்படியே தூக்கி மாட்டுவது மட்டும் இல்லை என்று இதில் நான் தெரிந்துகொண்டேன். ஒரே பொருளுக்குள் ஓய்ந்துபோன பாகமும் இருக்கும், இன்னும் பத்து வருஷம் உழைக்கிற பாகமும் இருக்கும். பிரித்துப் பார்க்காமல் "பழசு, தூக்கிப் போடு" என்பதும் தப்பு, "நல்லாத்தான் இருக்கு, மாட்டு" என்பதும் தப்பு.

உங்களுக்குத் தெரியுமா?

* 1985-இல் வந்த க்ரே-2 சூப்பர் கம்ப்யூட்டரின் போர்டுகள், மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்துக்குள் முழுசாக மூழ்கியே இருந்தன!

* ஜெர்மனியில் மியூனிக் நகரத்துக்குப் பக்கத்தில் 2012-இல் சூப்பர்-எம்.யு.சி. என்ற கம்ப்யூட்டரை வெதுவெதுப்பான தண்ணீரால் குளிர்வித்தார்கள். அது சுமந்து வந்த சூட்டைக் குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கப் பயன்படுத்தினார்கள்.

* நம் திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கப்பட்டது. வேகம் 838 டெராஃபிளாப்ஸ். அதுவும் திரவத்தால் குளிர்விக்கப்படுவதுதான். மின்செலவைக் குறைக்கவே இந்த ஏற்பாடு.

விடை சொல்லுங்கள்

1. கூலரில் 300 கிராம் தண்ணீர், பிராசஸர் 65 வாட். சூடு வெளியே போக வழியே இல்லை என்றால் தண்ணீர் ஒரு டிகிரி ஏற எத்தனை வினாடி ஆகும்?

2. மண்பானைக்கு வெளியே பெயிண்ட் அடித்தால் தண்ணீர் ஜில்லென்று இருக்குமா? ஏன்?

3. உங்கள் வீட்டில் ஓடாமல் கிடக்கும் மிக்ஸி, ரேடியோ, மின்விசிறி ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எந்தப் பாகம் ஓய்ந்தது, எந்தப் பாகம் இன்னும் உழைக்கும்? பட்டியல் போடுங்கள்.

விடைகளைத் தாளில் எழுதி, சுவரிதழின் கீழே தொங்கும் உறையில் போடுங்கள். சரியான விடைகள் அடுத்த இதழில் வரும்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி